துரியோதனன் சுழன்றால் கம்ப்யூட்டர் திணறும்

ஒரு மணி நேர மினி டிவி (MiniDV) கேசட்டைக் கம்ப்யூட்டரில் இறக்கினால் சுமார் 13 ஜிபி வரும். தெருக்கூத்து ஒரு மணி நேரத்தில் முடிகிற சமாச்சாரமா? ராத்திரிச் சாப்பாடு முடிந்து ஊர் கூடியபின் களரி கட்டினால் விடியும்வரை போகும். பாரதத்தின் பதினெட்டாம் போர் என்றால் மறுநாள் துரியோதனன் வீழும் படுகளம்வரை இழுக்கும். ஒரு கூத்துக்கு ஏழெட்டுக் கேசட், கிட்டத்தட்ட நூறு ஜிபி.

ஆரணியில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவன் நான். செய்யாறு, வந்தவாசிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் காலத்தில், முகூர்த்த வேலை இல்லாத ராத்திரிகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவேன். யாரும் காசு கொடுத்துக் கூப்பிடவில்லை. கேசட் செலவு கைக்காசு. அப்படிச் சேர்ந்தவை ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. மினி டிவி கேமராவை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஃபயர்வயர் துளை புது லேப்டாப் எதிலும் கிடையாது. என்னிடம் இருக்கும் பழைய கேமராவின் ஹெட் தேய்வதற்குள் எல்லாவற்றையும் இறக்கி, விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

காமன்ஸ் தெரியாதவர்களுக்கு: விக்கிப்பீடியாவில் பார்க்கிற படம், ஒலி, வீடியோ எல்லாம் பெரும்பாலும் அந்தக் கிடங்கிலிருந்து வருபவைதான். 2004-இல் தொடங்கியது. விளம்பரம் கிடையாது, யாரும் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம், உரிமக் குறிப்பை மதித்து மறுபடி பயன்படுத்தலாம். ஒரே ஒரு முரண்டு மட்டும் உண்டு. எம்பி4 கோப்பை அது வாங்காது.

கடையில் உதவிக்கு இருக்கும் பையனுக்கு இது பெரிய ஆச்சரியம். "அண்ணே, உலகமே எம்பி4-லதான் ஓடுது. இவங்களுக்கு மட்டும் என்னவாம்?" என்றான். நியாயமான கேள்வி. போனில் எடுப்பது எம்பி4, வாட்ஸாப்பில் வருவது எம்பி4, பென்டிரைவில் போட்டு டிவியில் பார்ப்பதும் அதுதான். காமன்ஸ்காரர்களுக்குள்ளேயே 2014-இல் இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. எம்பி4-ஐச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள், பெரும்பான்மையினர் வேண்டாம் என்றார்கள். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், வீடியோக் கோப்பு எதனால் ஆனது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எம்பி4 என்பது ஒரு டிபன் கேரியர். ஒரு அடுக்கில் படம், ஒரு அடுக்கில் ஒலி, இன்னொன்றில் சப்டைட்டில். எம்கேவி, ஏவிஐ, மூவ், வெப்எம் எல்லாம் வேறு வேறு கம்பெனி கேரியர்கள். அடுக்குக்குள் இருக்கும் படத்தை எந்த முறையில் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்பது தனி விஷயம். அந்தச் சுருக்கும் முறைக்குப் பெயர் கோடெக். எம்பி4-க்குள் வழக்கமாக இருப்பது எச்.264 என்னும் கோடெக். இப்போதைய போன்கள் பலவற்றில் எச்இவிசி எனப்படும் எச்.265. கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் மாற்றி எழுதிவிட்டு "கன்வெர்ட் பண்ணிட்டேன்" என்று கொண்டுவருகிறவர்கள் எங்கள் கடைக்கு இன்னும் வருகிறார்கள். அதனால் உள்ளே ஒன்றும் மாறுவதில்லை.

எச்.264 2003-இல் தரநிலையாக வந்தது. அருமையான கோடெக், அதில் சந்தேகமே வேண்டாம். இணையத்தில் வீடியோ பரவியதே அதன் புண்ணியத்தில்தான். ஆனால் அதற்குள் இருக்கும் உத்திகள் பலவற்றுக்குப் பல நிறுவனங்கள் காப்புரிமை வைத்திருக்கின்றன. அவற்றை ஒன்றாகச் சேர்த்து, எம்பெக் எல்ஏ என்ற அமைப்பு உரிமக் கட்டணம் வசூலித்துவந்தது. போன், கேமரா, மென்பொருள் செய்கிறவர்கள் கட்டுவார்கள். நாம் கட்டுவதாகத் தெரியாது, வாங்கும் பொருளின் விலைக்குள் அது போய்விடும்.

என் தொழில்காரர்கள் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. எச்.264-இல் பதியும் கேமராக்களின் கையேட்டில் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால், பொடி எழுத்தில் ஒரு அறிவிப்பு இருக்கும். இந்த உரிமம் சொந்த உபயோகத்துக்கும் ஊதியம் பெறாத உபயோகத்துக்கும் மட்டும் என்று அது சொல்லும். லட்சக்கணக்கில் விலை போகும் கேமராக்களின் கையேட்டிலும் இதைப் பார்க்கலாம். ஊதியம் வாங்காமல் கல்யாண வீடியோ எடுக்கிறவன் யார்? இதற்காக யாரும் ஆரணிக்கு நோட்டீஸ் அனுப்பவில்லை, அனுப்பப்போவதும் இல்லை. இருந்தாலும் எழுதி வைத்திருக்கிறார்கள். யாரும் யாரிடமும் கேட்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதைக் கொள்கையாக வைத்திருக்கும் ஒரு கிடங்கு, இப்படி ஒரு பொடி எழுத்தோடு வரும் பொருளை ஏன் தொடவில்லை என்பது அந்தப் பக்கத்தைப் படித்தபின்தான் எனக்கு உறைத்தது.

மாற்று வழி தேடியவர்கள் கதை சுவாரசியமானது. ஆன்2 என்ற அமெரிக்க நிறுவனம் விபி3 என்று ஒரு கோடெக் வைத்திருந்தது. 2000களின் தொடக்கத்தில் அதை எல்லாருக்கும் திறந்துவிட்டது. சிப்.ஆர்க் என்ற அமைப்பினர் அதை எடுத்துச் செம்மைப்படுத்தித் தியோரா என்று பெயரிட்டு 2008-இல் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார்கள். அந்தச் சமயத்தில் இணையப் பக்கத்தில் வீடியோ ஓட வேண்டுமானால் ஃபிளாஷ் வேண்டும். ஃபிளாஷ் இல்லாமல் பிரவுசரே வீடியோவை ஓட்டட்டும் என்று எச்டிஎம்எல்5 வேலை நடந்துகொண்டிருந்தது. எல்லா பிரவுசரும் தியோராவை ஆதரிக்கட்டும் என்று வரைவில் எழுதியிருந்ததை, சில பெரிய நிறுவனங்கள் எதிர்க்க, 2007 கடைசியில் எடுத்துவிட்டார்கள். இன்றுவரை இந்த கோடெக்கைத்தான் ஓட்ட வேண்டும் என்று அந்தத் தரநிலை எதையும் கட்டாயமாக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் தியோரா படத்தில் எச்.264-க்கு ஈடில்லை. அதே அளவு கோப்பில் கட்டம் கட்டமாகத் தெரியும். கொள்கைக்காக மங்கலான படத்தைப் பார்க்கச் சொன்னால் எத்தனை பேர் பார்ப்பார்கள்? நிலைமை மாறியது 2010-இல். கூகுள் ஆன்2-வை விலைக்கு வாங்கி, அவர்களுடைய விபி8 கோடெக்கை அதே ஆண்டு மே மாதம் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அதை வைக்க, மட்ரோஸ்கா என்ற திறந்த கேரியரை எளிமையாக்கி வெப்எம் உருவானது. ரஷ்யாவில் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் மரப்பொம்மை உண்டே, அதன் பெயரிலிருந்து வந்ததுதான் மட்ரோஸ்கா. சில மாதங்களில், இணையத்தில் இலவசமாகக் காட்டும் எச்.264 வீடியோவுக்கு ஒருபோதும் கட்டணம் கேட்கமாட்டோம் என்று எம்பெக் எல்ஏ அறிவித்தது. போட்டி என்று ஒன்று வந்தால் இப்படித்தான் கை தாராளமாகும்.

மொஸில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் சில ஆண்டுகள் எச்.264 வேண்டாம் என்று பிடிவாதமாக நின்று பார்த்தது. போன்கள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன என்றானபின் 2012-இல் விட்டுக்கொடுத்தது. அடுத்த ஆண்டு சிஸ்கோ, தானே கட்டணம் கட்டி ஒரு எச்.264 நிரலை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தது. இத்தோடு திறந்த வடிவங்களின் கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. அப்போதுதான் எதிர்த்தரப்பு தானே குழி வெட்டிக்கொண்டது. 2013-இல் வந்த எச்இவிசிக்கு ஒரு இடத்தில் கட்டணம் கட்டினால் போதாது, ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டணிகள் தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தன. யாருக்கு எவ்வளவு கட்டுவது என்றே தெரியாத நிலை. விண்டோஸ் கம்ப்யூட்டரில் எச்இவிசி வீடியோவைத் திறந்தால் தனியாக ஒரு நீட்டிப்பை விலைக்கு வாங்கச் சொல்வது அதன் மிச்சம்தான். 2015 செப்டம்பரில் அமேசான், சிஸ்கோ, கூகுள், இன்டெல், மைக்ரோசாஃப்ட், மொஸில்லா, நெட்ஃபிளிக்ஸ் ஏழும் சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்தன. 2018 மார்ச்சில் ஏவி1 வந்தது, கட்டணம் இல்லாத கோடெக்காக. தர்மத்துக்காகச் சேர்ந்தவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம், கணக்குப் பார்த்துச் சேர்ந்தவர்கள். இதற்கும் எங்களுக்குப் பணம் வர வேண்டும் என்று சிஸ்வெல் என்ற நிறுவனம் 2019-இல் கிளம்பியது தனிக்கதை.

இனி என் மேசைக்கு வருகிறேன். காமன்ஸ் வாங்கிக்கொள்வது வெப்எம்மை. எந்த கோடெக்காக இருந்தாலும் வேலை அடிப்படையில் ஒன்றுதான். முழு எச்டி வீடியோவைச் சுருக்காமல் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 560 ஜிபி ஆகும். அதைச் சில நூறு எம்பிக்குக் கொண்டுவர வேண்டும். முதல் ஃபிரேமை முழுதாக வைத்துக்கொண்டு, அடுத்த ஃபிரேமைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டி, இந்தச் சதுரம் போன ஃபிரேமில் எங்கே இருந்தது என்று தேடும். கிடைத்தால் "இத்தனை புள்ளி நகர்ந்திருக்கிறது" என்று மட்டும் குறித்துக்கொள்ளும். எச்.264-இல் அந்தச் சதுரம் அதிகபட்சம் 16க்கு 16 புள்ளி. விபி8-க்கு அடுத்து வந்த விபி9-இல் 64 வரை போகலாம், ஏவி1-இல் 128. பின்னால் இருக்கும் கோயில் சுவர் ராத்திரி முழுக்க அசையப்போவதில்லை, அதைப் பெரிய சதுரமாக ஒரே குறிப்பில் முடித்துவிடலாம். செய்தி வாசிப்பவரின் வீடியோ சுலபமாகச் சுருங்குவது இதனால்தான். உதடும் கண்ணும் தவிர அங்கே எதுவும் அசையாது.

தெருக்கூத்து இதற்கு நேர் எதிர். துரியோதனன் திரையைத் தள்ளிக்கொண்டு களத்துக்குள் வந்து சுழல்கிறார். இலேசான மரத்தில் செதுக்கிய கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம், எல்லாவற்றிலும் கண்ணாடிச் சில்லு. ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு ஃபிரேமில் ஒவ்வொரு பக்கம் வெளிச்சத்தை அடிக்கும். போன ஃபிரேமில் இருந்த சதுரத்தை இந்த ஃபிரேமில் தேடினால் எங்கே கிடைக்கும்? மின்னல் வெட்டுப்போல எல்லாமே புதிது. பாவாடை மடிப்புகள் சுழற்சியில் விரிகின்றன, சலங்கைக் கால் புழுதியைக் கிளப்புகிறது, அந்தப் புழுதியும் டியூப் லைட் வெளிச்சத்தில் அசைகிறது. மென்பொருளின் வேக எண் அந்த இடத்தில் பாதியாகக் குறைவதை நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். பிட் கணக்கில் கஞ்சத்தனம் பண்ணினால் கிரீடம் தங்க நிறக் களிமண் மாதிரி ஆகிவிடும்.

இருட்டு இன்னொரு தொல்லை. பழைய கேமராவில் ராத்திரி எடுத்த படத்தில் கறுப்பு கறுப்பாக இருக்காது, புள்ளி புள்ளியாகக் கொதித்துக்கொண்டிருக்கும். கோடெக்குக்கு அது இரைச்சல் என்று தெரியாது. பக்தியோடு ஒவ்வொரு புள்ளியையும் காப்பாற்றப் பார்க்கும், பாதி பிட் அதற்கே போய்விடும். இரைச்சலைக் கொஞ்சம் வடிகட்டிவிட்டுச் சுருக்கலாம். அதிகம் வடிகட்டினால் அரிதாரத்துக்கு மேல் கன்னத்தில் வைத்த வெள்ளைப் புள்ளிகளும் சேர்ந்து அழியும். வேஷம் கட்டுகிறவர் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் வைத்த புள்ளிகள் அவை. நான் வடிகட்டியைக் குறைவாகத்தான் வைக்கிறேன், கோப்பு பெரிதானால் ஆகட்டும்.

அடுத்தது சீப்பு. நம் ஊர் பழைய வீடியோ எல்லாம் பால் (PAL) முறை. ஒரு நொடிக்கு 25 ஃபிரேம் என்பார்கள், நிஜத்தில் 50 அரை ஃபிரேம். ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவை. பழைய டியூப் டிவியில் அது கச்சிதமாகத் தெரியும். கம்ப்யூட்டர் திரையில் இரண்டையும் சேர்த்துக் காட்டும்போது வேகமாக அசைகிற கை, கால் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகப் பிரியும். இதை நீக்குவதற்கு டீஇன்டர்லேஸ் என்று பெயர். பலர் இதைச் செய்யும்போது 25 ஃபிரேமாக முடித்துவிடுகிறார்கள், பாதி அசைவு போய்விடும். 50 அரை ஃபிரேமையும் 50 முழு ஃபிரேமாக விரித்தால்தான் சுழற்சியில் அந்த வழவழப்பு இருக்கும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவதற்கு 25 போதும். கூத்துக்குப் போதாது. இன்னொரு சிறு விஷயம்: மினி டிவி கேசட்டின் படம் 720க்கு 576, ஆனால் அதன் புள்ளிகள் சதுரமல்ல. அப்படியே ஏற்றினால் எல்லாரும் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிவார்கள். 768க்கு 576 என்று சரிசெய்துகொள்ள வேண்டும்.

ஒலியில் நான் சமரசம் செய்வதில்லை. முகவீணை கையடக்கமான ஊதுவாத்தியம், சத்தம் மட்டும் ஊர் தாண்டிக் கேட்கும். அத்தனையும் உச்ச ஸ்தாயி. குறைந்த பிட்டில் ஒலியைச் சுருக்கினால் முதலில் வெட்டுப்படுவது அந்த உச்சம்தான். முகவீணை தகர டப்பாவுக்குள் ஊதுவது மாதிரி கேட்கும். வெப்எம்மில் ஒலிக்கு ஓபஸ் என்ற கோடெக் இருக்கிறது. 2012-இல் தரநிலையானது, இதற்கும் கட்டணம் கிடையாது. 128 கிலோபிட் கொடுத்தால் முகவீணை முகவீணையாகவே கேட்கிறது. மொத்தக் கோப்பில் ஒலி எடுக்கும் இடம் மிகச் சிறியது. அங்கே மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

முதல் கூத்தை மாற்றி முடித்ததும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அந்த ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், வாத்தியாரிடம் போனேன். திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார். ஆரம்பத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரத்தில் நிறுத்தச் சொன்னார்.

"தம்பி, சலங்க முன்ன கேக்குது. காலு அப்புறமா உழுது."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "சரியாத்தானே இருக்கு வாத்தியாரே" என்றேன்.

"இன்னொருக்கா போடு."

போட்டேன். அவர் தொடையில் தாளம் தட்டினார். அவர் கை மத்தளச் சத்தத்தோடு போனது, திரையில் கால் ஒரு இம்மி தாமதமாகத்தான் விழுந்தது. வீட்டுக்கு வந்து ஆரம்பத்திலிருந்து பார்த்தேன். முதல் ஐந்து நிமிஷம் சரியாக இருந்தது, போகப்போக விலகியது. வீட்டு உபயோக மினி டிவி கேமராக்கள் ஒலியையும் படத்தையும் ஒரே கடிகாரத்தில் பூட்டி வைப்பதில்லை. ஒலியின் மாதிரி எண்ணிக்கை துளி முன்பின்னாக ஓடும். கேசட்டிலிருந்து நேராகப் பார்க்கும்போது கேமரா சமாளித்துக்கொள்ளும், நீளமாக இறக்கி மாற்றும்போது வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகும். மென்பொருளில் படத்தின் நேரத்துக்கு ஒலியை இழுத்துப் பிடிக்கும் வசதி இருக்கிறது, அதைப் போட்டதும் சரியாகிவிட்டது. இப்போது எந்தக் கோப்பானாலும் கடைசிக் கால் மணி நேரத்தைத்தான் முதலில் ஓட்டிப் பார்க்கிறேன்.

மென்பொருள் என்றேன். எஃப்எஃப்எம்பெக் என்பது அதன் பெயர். ஃபப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2000-இல் ஆரம்பித்தது, இன்று உலகெங்கும் பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள். இலவசம். நீங்கள் காசு கொடுத்து வாங்கும் கன்வெர்ட்டர்கள் பலவற்றின் வயிற்றுக்குள்ளும் இதுதான் இருக்கிறது. இதில் பட்டன் கிடையாது, கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். அது பழக்கமில்லாதவர்களுக்கு ஹேண்ட்பிரேக் இருக்கிறது. கோப்பைத் திறந்து, வடிவம் வெப்எம், படத்துக்கு விபி9, ஒலிக்கு ஓபஸ் என்று தேர்ந்தெடுத்து, டீஇன்டர்லேஸைப் போட்டு, தரத்துக்கான எண்ணைக் கொடுத்தால் முடிந்தது. அந்த எண் விபி9-இல் 0 முதல் 63 வரை, குறைய குறையத் தரம் கூடும். முழு எச்டிக்கு 31 என்பது பொதுவான பரிந்துரை. கூத்துக்கு நான் 24-க்கு வந்து நிற்கிறேன். கண்ணாடிச் சில்லு கேட்கிற விலை அது. இரண்டு தடவை ஓட்டும் முறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. முதல் ஓட்டத்தில் எங்கே அசைவு அதிகம் என்று மொத்தக் கோப்பையும் நோட்டம் பார்த்துக்கொள்ளும், இரண்டாவதில் வசனப் பகுதியில் மிச்சம் பிடித்ததைச் சண்டைப் பகுதியில் செலவு செய்யும். 13 ஜிபி கேசட் ஒரு ஜிபிக்கு முன்பின்னாக வந்து நிற்கிறது.

நேரம்தான் விலை. விபி9 மெதுவானது, ஏவி1 அதைவிட. என் பழைய கம்ப்யூட்டரில் ஒரு கேசட் ஓட ராத்திரி முழுக்க ஆகும். கோடையில் அறையே சூடேறிவிடும், நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. ஒரு யுபிஎஸ் வாங்கினேன். கேசட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து ஓட்டப் பழகினேன். ஏவி1 இன்னும் சிறியதாகச் சுருக்கும் என்று தெரிந்தும் நான் விபி9-ஐப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு வேறு காரணம். ஏவி1-ஐ விரிப்பதற்கான சிப் விலை குறைந்த, பழைய போன்களில் கிடையாது. சிப் இல்லாவிட்டாலும் மென்பொருளால் விரித்துக்காட்டும், ஆனால் போன் சூடாகி பேட்டரி இறங்கும். ஆப்பிளே 2023-இல் ஐபோன் 15 புரோவில்தான் அந்தச் சிப்பைக் கொடுத்தது. கூத்து பார்க்கும் ஊர்களில் ஐபோன் புரோ வைத்திருப்பவர்களை எண்ணிவிடலாம்.

பார்ப்பவரின் போனில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழுக் கோப்பும் இறங்கிய பிறகா படம் ஓடுகிறது? இல்லை. எந்த நிமிஷம் கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணை கோப்புக்குள்ளேயே இருக்கும். அது தலைப்பகுதியில் இருந்தால் தொட்டவுடன் படம் ஆரம்பிக்கும், நடுவில் எங்கே இழுத்துவிட்டாலும் அங்கேயிருந்து ஓடும். கடைசியில் இருந்தால் அதைத் தேடி எடுக்கும்வரை வட்டம் சுற்றிக்கொண்டிருக்கலாம். சொந்த இணையதளத்தில் நேராக ஏற்றிய வீடியோ ஆரம்பிப்பதற்குள் வெகுநேரம் சுற்றுகிறது என்று சொல்கிறவர்கள் நெட்டைத் திட்டுவதற்குமுன் இதைப் பார்க்கலாம். காமன்ஸில் ஒரு கோப்பை ஏற்றினால், அதுவே அதிலிருந்து 240, 360, 480 என்று சிறிய பதிப்புகளைத் தயாரித்து வைக்கிறது. சிக்னல் குறைந்த இடத்தில் சிறியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பெரிய தளங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் நெட் வேகத்தைப் பார்த்துப் பெரியதையோ சிறியதையோ அனுப்புகின்றன. பஸ் ஊரைத் தாண்டும்போது படம் திடீரென்று மங்கி, அடுத்த ஊர் வந்ததும் தெளிவது அதனால்தான்.

யூடியூபில் எம்பி4-ஆக ஏற்றுவதும் உள்ளே விபி9, ஏவி1 என்று மாற்றப்பட்டுத்தான் பலருக்குப் போகிறது. திறந்த கோடெக்கை நாம் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அப்படியிருக்க எனக்கு ஏன் இந்தப் பாடு என்று மனைவி கேட்கிறாள். அங்கே உள்ளே எந்த வடிவத்தில் இருந்தாலும், கணக்கு முடக்கப்பட்டால் கூத்தும் முடங்கும். பின்னணியில் ஒலித்த சினிமாப் பாட்டுக்காக முழு வீடியோவையும் தூக்கியதைப் பார்த்திருக்கிறேன். கூத்தில் கோமாளியான கட்டியங்காரன் நடுவில் சினிமாப் பாட்டை எடுத்துவிடுவது சகஜம், அதில் நான் காமன்ஸிலும் கவனமாகத்தான் இருக்க வேண்டியிருக்கிறது. அந்தத் துண்டுகளை ஏற்றும் பிரதியிலிருந்து வெட்டிவிடுகிறேன், மூலத்தில் இருக்கும்.

மூலம் என்று சொன்னதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். திறந்த வடிவமானாலும் வெப்எம் பிரதி மூலத்துக்கு ஈடாகாது. இப்படிச் சுருக்கி ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் கொஞ்சம் போகிறது, போனது வராது. எம்பி4-ஐ வெப்எம்மாக்கி, அதை மறுபடி எம்பி4 ஆக்கினால் இரண்டு தடவையும் சேதாரம். ஆகவே மினி டிவி கேசட்டிலிருந்து இறங்கிய 13 ஜிபி கோப்பை அப்படியே இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன், ஒன்று கடையில், ஒன்று மச்சான் வீட்டில். பழைய விஎச்எஸ் கேசட்டுகளை இறக்கும்போது மட்டும் எஃப்எஃப்வி1 என்ற திறந்த கோடெக். அதில் எதையும் தூக்கிப்போடாமல் சுருக்கலாம், பல நாட்டு ஆவணக் காப்பகங்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. கல்யாண வாடிக்கையாளர் யாராவது "எங்க வீடியோவையும் திறந்த வடிவத்துல குடுங்க" என்றால் நானே வேண்டாம் என்றுவிடுவேன். வீட்டில் நாலு பேர் பார்ப்பதற்கு எம்பி4 தங்கமான வடிவம். எச்.264-இன் காப்புரிமைகளும் ஒவ்வொன்றாகக் காலாவதியாகி வருகின்றன. எம்பி3 பாட்டுக்கு 2017-இல் உரிமம் வசூலிப்பதே நின்றுபோகவில்லையா? அது மாதிரி எம்பி4-ம் ஒருநாள் காமன்ஸின் வாசல் தாண்டி உள்ளே வரலாம். என் கேமரா ஹெட் அதுவரை தாங்காது.

ஏற்றுவதற்குமுன் கூத்துக்காரர்களின் சம்மதம் வேண்டும். கோப்பு வடிவம் திறந்தது என்பதால் ஆட்டம் எல்லாருக்கும் சொந்தம் ஆகிவிடாது. ஒலியைச் சரிசெய்து எடுத்துக்கொண்டு மறுபடி வாத்தியாரிடம் போனேன். காமன்ஸில் எந்த உரிமத்தில் ஏற்றப்போகிறேன் என்பதை விளக்கினேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்துப் போடலாம், வெட்டி ஒட்டலாம் என்று சொன்னேன்.

"இத வச்சி எவனாச்சும் காசு பாப்பானா?"

பார்க்கலாம், அந்த உரிமம் அதையும் தடுக்காது என்று சொன்னேன். பொய் சொல்லி வாங்குகிற சம்மதம் எதற்கு?

"பேரு போடுவானா?"

"ஜமா பேரு, ஆடினவங்க பேரு எல்லாம் போட்டே ஆகணும் வாத்தியாரே. அவன் மாத்தினதையும் இதே மாதிரி எல்லாருக்கும் திறந்துதான் வைக்கணும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். மத்தளக்காரரையும் முகவீணைக்காரரையும் கூப்பிட்டுக் கேட்டார். கட்டியங்காரன் வேஷம் கட்டியவர் மட்டும் ஒரு இடத்தில் தான் சொன்ன பஞ்சாயத்துத் தலைவர் ஜோக்கை எடுத்துவிடச் சொன்னார். அந்தத் தலைவர் இப்போது சம்பந்தியாம். எடுத்துவிட்டேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கிளம்பும்போது வாத்தியாரின் பேரன் பென்டிரைவை நீட்டினான். அவனுக்கு எம்பி4-ஆகத்தான் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் வீட்டு டிவி வெப்எம்மை எடுக்காது.